மாடத்தில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை

நான் ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் சொந்தக்காரர் எவரும் என்னைத் தேடி வந்ததில்லை. முதலில் வந்தவர் மாமா. அவரும் தனியாக வரவில்லை, ஒரு செனட் சபையோடு வந்தார்.

அறுபதுகளின் கடைசிப் பகுதி அது. அப்போது இலங்கைக்கு ஒரு மேல்சபை இருந்தது. அதில் பாதிப் பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், பாதிப் பேர் நியமிக்கப்பட்டவர்கள். அம்மாவின் தமையனான என் மாமா நியமிக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்துக் கோடுகளில், அதாவது நீதிமன்றங்களில், பிரக்கராசி என்ற வழக்கறிஞராக வாதாடிப் பேரெடுத்து, அந்தப் பேரோடு கொழும்புக்குப் போனவர். அவருக்கு ஒருவரும் வாக்குப் போட்டதில்லை என்ற விஷயத்தை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லப்போனால், மாமாவுக்குப் பிடிக்காத எதையும் எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான் பான் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இரசாயனத்தில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மேற்கு ஜெர்மனியின் மேலவை அதே ஊரில்தான், ரைன் நதிக்கரையில், கூடிக்கொண்டிருந்தது. அது எப்படி நடக்கிறது என்று பார்க்க இலங்கை செனட்டர்கள் சிலரை அழைத்திருந்தார்கள். வியாழக்கிழமை மாலை அவர்கள் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். மாமா என்னை மேலும் கீழும் பார்த்து, மெலிந்துவிட்டாய் என்றார். பிறகு உத்தரவு வந்தது.

"நாளைக்குக் காலமை நீயும் எங்களோடை வா பிள்ளை. இங்கிலீசிலை சொல்ல ஒராளை விட்டிருக்கினம். ஆனா அவர் எங்கடை குழுத் தலைவருக்குப் பக்கத்திலைதான் இருப்பார். பின்வரிசையிலை எனக்கு ஒண்டும் கேக்காது. நீ பக்கத்திலை இருந்து தமிழிலை சொல்லு."

"நாளைக்கு எனக்கு லாபிலை வேலை கிடக்கு மாமா."

"ஒருநாள் வேலைதானே. சீலை உடுத்துக்கொண்டு வா."

வெள்ளிக்கிழமை நான் லாபில் ஓட்டவேண்டிய காய்ச்சி வடிப்பை, பக்கத்து மேசையில் வேலை செய்த ஜெர்மன்காரியிடம் ஒப்படைத்தேன். நவம்பர் மாதக் குளிரில் சேலை, அதன்மேல் தடித்த கோட்டு, காலில் இரண்டு சோடி காலுறை. கண்ணாடியில் பார்க்க எனக்கே சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

சபை வாசலில் கோட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாடிப்படி ஏறினால் பார்வையாளர் மாடம். அங்கே கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு காவலர் நின்றார், நரைத்த தலை, மெல்லிய குரல். எல்லோரையும் இருக்கவைத்துவிட்டு விதிகளைச் சொன்னார். கைதட்டக் கூடாது. சத்தமாகப் பேசக் கூடாது. ஆதரவோ எதிர்ப்போ எந்த வகையிலும் காட்டக் கூடாது. வாக்கெடுப்பு தொடங்கினால் இடைவேளை வரைக்கும் எழும்பக் கூடாது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"அப்ப எங்களை ஏன் கூப்பிட்டவை?" என்றார் மாமா.

இருக்கைகள் நெருக்கம். நான் சுவர்ப்பக்கம், மாமா நடைபாதைப் பக்கம். வெளியே போவதென்றால் அவர் முழங்காலைத் தாண்டித்தான் போகவேண்டும். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

கீழே சபை தொடங்கியது. மாமா முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். அவருக்குச் சபை என்றால் பேச்சு. ஒருவர் எழும்பிப் பேச, மற்றவர் குறுக்கிட, மூன்றாமவர் ஒழுங்குப் பிரச்சினை கிளப்ப, அதில்தான் அவருக்கு உயிர். இங்கே அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மாநிலம் மாநிலமாக வாங்குகளில், நீள இருக்கைகளில், வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஒரு பொருளை வாசிப்பார். மாநிலத்துக்கு ஒருவராகக் கை உயர்த்துவார்கள், தலைவர் எண்ணுவார், அடுத்த பொருளுக்குப் போவார்.

"இதென்ன பிள்ளை, ஆளுக்கொரு கை இல்லையே? அந்த வாங்கிலை நாலு பேர் இருக்கினம், ஒராள்தான் தூக்குறார்."

எங்களுக்குப் பின்னால் உபசாரத்துக்கென்று விட்ட இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். அவரிடம் மெதுவாகக் கேட்டேன். ஒரு மாநிலத்துக்குப் பல வாக்குகள் உண்டு, ஆனால் அவை பிரியக் கூடாது என்றார். யார் எப்படி என்று ஊரிலேயே முடிவு செய்துகொண்டு வருவார்கள். இங்கே ஒருவர் கை உயர்த்தினால் அது எல்லோருடைய வாக்கு.

மாமாவுக்கு இது பிடித்துப்போயிற்று. "நல்ல ஒழுங்கு. வீட்டுக்கு ஒரு கை," என்றார்.

அதன்பிறகு இன்னும் வேகம் பிடித்தது. வாதம் இல்லாத பொருள்களையெல்லாம் ஒன்றாகக் கட்டி ஒரே வாக்கில் முடித்தார்கள். கன்றுகளுக்கு வரும் நோய், திராட்சை மதுப் போத்தலில் ஒட்டும் சீட்டு, கால்வாயில் போகும் படகுகளுக்கான விதி, எல்லாம் ஒரே கட்டு. அதற்கடுத்து நியமனங்கள். ரயில்வே நிர்வாகக் குழுவுக்கு ஒருவர், தபால் துறைக் குழுவுக்கு ஒருவர் என்று பரிந்துரைகள் வந்தன. தலைவர் பெயரை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். தலை நிமிர்த்திக்கூடப் பார்க்கமாட்டார். ஆட்சேபம் இல்லை, நிறைவேறியது.

நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். "ஆட்சேபம் இருக்கோ எண்டு கேக்கிறார். இல்லை. நிறைவேறியது."

ஐந்தாறு தடவை சொன்னபிறகு மாமா என் கையில் மெல்லத் தட்டினார். குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, உன்ரை அலுவலும் ஒண்டு கிடக்கு," என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே சபையைப் பார்த்தபடியே பேசினார்.

"என்ரை பெட்டையைக் கொண்ணனுக்குக் குடுக்கிறதெண்டு முடிவு. நீ என்ரை பொடியனுக்கு. ரெண்டும் ஒரே நாளிலை, தை மாசம். கொப்பர் ஓம் எண்டிட்டார். நாளைக்குச் சனிக்கிழமை, எங்கடை பிளேனிலை உனக்கும் சீட் போட்டாச்சு. மகளிர் கல்லூரியிலை படிப்பிக்க உனக்கு ஒரு நியமனமும் எடுத்து வைச்சிருக்கிறன்."

எங்கள் ஊரில் இதை மாற்றுச் சம்பந்தம் என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது: மாமாவின் மகள் என் அண்ணைக்கு, நான் அவர் மகனான மச்சானுக்கு. அப்பாவும் சம்மதித்தாயிற்று. புதிதல்ல. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் நடந்திருக்கிறது. ஆனால் நான் சுவரோர இருக்கையிலிருந்து வெளிவாசலைத் தேடினேன்.

மச்சான் கெட்டவர் அல்ல. சின்ன வயதில் எனக்குச் சைக்கிள் பழக்கியவர் அவர்தான். அவரை வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் ஒன்றும் இல்லை. எனக்கு வேண்டியது வேறொன்று. இன்னும் ஒரு கோடைகாலம் வேலை செய்தால் என் ஆய்வை முடித்துக் கொடுத்துவிடலாம் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். முடிந்ததும் அங்கேயே உதவியாளர் வேலையும் இருந்தது. என் வாழ்க்கையில் நானாகத் தொடங்கிய காரியம் அது ஒன்றுதான். அதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீர் பால் நிறமாக மாறுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு மனமில்லை.

"படிப்பு முடிய இன்னும் கொஞ்சம் கிடக்கு மாமா."

"படிச்சது காணும். இனி என்ன படிப்பு?"

அதைவிடப் பெரிய சிக்கல் அண்ணை. அண்ணைக்கு மாமாவின் மகள்மீது பல வருட விருப்பம். அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும்தான். ஆனால் மாமா வீட்டுக்குப் போகும் நாளில் மட்டும் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேர்ட் போடுவார். அதைக் கவனிக்க ஒரு தங்கச்சி போதும். நான் இங்கே மாட்டேன் என்றால் அவருக்கு அங்கே பெண் இல்லை. மாமா கட்டியிருந்த கட்டு அப்படி.

"மச்சான் என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"அவன் என்ன சொல்லுறது? பேசாமல் இருந்தவன்."

"அம்மா?"

"கொம்மா எப்பவாவது எனக்கு எதிர்த்துச் சொன்னவளே?"

"அண்ணை?"

"தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டவன். சந்தோசந்தான். வேறை என்ன?"

கீழே தலைவர் அடுத்த பெயரை வாசித்தார். ஆட்சேபம் இல்லை, நிறைவேறியது. மாமா அதைச் சொல்லச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"மாமா, என்னாலை ஏலாது," என்றேன்.

அவர் உதட்டில் விரலை வைத்தார். கண்ணால் காவலரைக் காட்டினார். "சத்தம் போடாதை. இதெல்லாம் பேந்து கதைப்பம். மத்தியானம் வெளியிலை போய் முதல் வேலையா ஊருக்குத் தந்தி அடிச்சுவிடுவம்."

இவ்வளவு நேரமும் காதுக்குள் பேசியவர் அவர். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஹோட்டலில் முன்னிரவு முழுக்க அவரோடு இருந்தேன். அங்கே இந்தப் பேச்சே எடுக்கவில்லை. அங்கே எடுத்திருந்தால் நான் அழுதிருப்பேன், வாதாடியிருப்பேன், எழும்பிப் போயிருப்பேன். எழும்பவும் வாய் திறக்கவும் முடியாத ஒரு இடத்துக்கு என்னைச் சேலை உடுத்துவித்துக் கூட்டி வந்து, சுவரோரம் இருத்திவிட்டுச் சொல்கிறார். பிரக்கராசி அல்லவா, எந்த வழக்கை எந்தக் கோட்டில் எடுப்பதென்று அவருக்குத் தெரியும்.

தந்தி போய்விட்டால் கதை முடிந்தது. எங்கள் ஊரில் தந்தி வந்தால் தபால்காரன் படலையைத் திறப்பதற்குள் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும். அம்மா ஐயரிடம் போவார், அப்பா பந்தல்காரனிடம் போவார். அதன்பிறகு நான் மறுத்தால் எனக்கு மட்டுமா தலைகுனிவு? விமானத்தில் ஏறுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நான் கீழே பார்த்தேன். அந்த வாங்குகளில் கை உயர்த்தாமல் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். அவர்களில் யாருக்காவது உள்ளுக்குள் வேறு நினைப்பு இருக்குமா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

பின்னால் திரும்பி அந்த இளம் அதிகாரியிடம் கேட்டேன். "ஒரு மாநிலத்தில் ஒருவர் மட்டும் சம்மதிக்காவிட்டால்?"

அவர் சிரித்தார். "இங்கே வந்து மாறி வாக்களித்தால் அந்த மாநிலத்தின் வாக்கே செல்லாது. அதனால் அப்படி யாரும் செய்வதில்லை."

மாமா விடவில்லை. "என்ன சொல்லுறார்?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை. அப்படியே சொன்னேன்.

"பாத்தியே. ஒராளின்ரை குழப்பத்தாலை எல்லாற்றை வாக்கும் பழுது," என்றார் மாமா. அவர் என்னை மிரட்டவில்லை, உண்மையாகவே வியந்துதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என் மனதில் அண்ணையின் வெள்ளைச் சேர்ட்டு வந்து நின்றது. பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். அதில் ஒரு கஷ்டமும் இல்லை. சும்மா இருந்தால் போதும். மச்சான் இருந்தார், அம்மா இருந்தார், அண்ணை இருந்தார். நானும் இருந்தால் எங்கள் வீட்டின் கை சரியாக உயர்ந்துவிடும். மாமா கீழே பார்த்து, ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறவர்போலத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

நியமனங்களில் கடைசிப் பெயர் வந்தது. தலைவர் வாசித்து முடித்தார். மாமா முழங்கையால் என்னை இடித்தார்.

"என்ன கேக்கிறார்?"

"ஆட்சேபம் இருக்கோ எண்டு கேக்கிறார்."

"இருக்கோ?"

நான் எழும்பிவிட்டேன்.

"ஓம், இருக்கு. எனக்கு இருக்கு மாமா. நான் வரமாட்டன்."

கத்தவில்லை. வீட்டில் பேசும் அளவுக்குத்தான் பேசினேன். ஆனால் அந்த மண்டபத்தின் அமைதிக்கு அதுவே அதிகம். கீழே எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. எங்கள் செனட்டர்கள் திரும்பினார்கள். மொழிபெயர்ப்பாளர் வாயை மூடினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். சேலை கட்டிய ஒரு பெண் மாடத்தில் நிற்கிறாள். அவர் மணியை ஒருமுறை அடித்தார். மாடத்தில் அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்றார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சபையில் ஆட்சேபம் இல்லை, நிறைவேறியது என்றார்.

காவலர் வந்து நடைபாதையில் நின்று, வெளியே வரும்படி கை காட்டினார். மாமா முழங்காலை ஒடுக்கி வழி விட்டார். விதி மீறினால் அப்படித்தான், வெளியேற்றுவார்கள். எனக்கு அந்த விதிமேல் அவ்வளவு நன்றி வந்தது.

படி இறங்கும்போது சேலை காலில் தடக்கியது. காவலர் அதைக் கண்டு மெதுவாக இறங்கினார்.

"மாடத்தில் இருப்பவர்களுக்கு வாக்கு இல்லை, ஃபிராய்லைன். நான் சொன்னது விளங்கவில்லையா?"

"விளங்கியது."

"எந்தப் பொருளுக்கு ஆட்சேபம் சொன்னீர்கள்?"

"என் கல்யாணத்துக்கு."

அவர் இரண்டு படி இறங்கும் வரைக்கும் யோசித்தார். "அது இன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லையே," என்றார். கேலியாகச் சொன்னாரா தெரியாது. என் கோட்டை வாங்கி வந்து அவரே பிடித்துக்கொண்டு நிற்க, நான் கைகளை நுழைத்தேன்.

அப்படியே லாபுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. தந்தி அடிக்கும் முன் மாமாவை மறிக்கவேண்டும் என்று வெளியே நதிப்பக்கம் நின்றேன். இடைவேளைக்கு அவர் தனியே இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது.

"சபைக்குள்ளை மானத்தை வாங்கிப்போட்டாய். நல்லகாலம், நீ சொன்னது ஒருத்தருக்கும் விளங்கேல்லை."

"உங்களுக்கு விளங்கினதுதானே மாமா."

அவர் நதிப்பக்கம் திரும்பினார். நிலக்கரி ஏற்றிய நீளப் படகு ஒன்று போனது. அது பாலத்தடிக்குப் போகும் வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தந்தி அடிக்காதேங்கோ," என்றேன்.

"அடிக்கேல்லை. ஆனா கொண்ணன்ரை காரியமும் இனி இல்லை."

"ரெண்டையும் ஏன் மாமா ஒண்டாக் கட்டுறியள்? அவையின்ரையைத் தனியாக் கேளுங்கோ. அண்ணையைக் கேளுங்கோ. மச்சாளைக் கேளுங்கோ."

"பிரிக்க ஏலாது," என்றார். கோட்டின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கு உள்ளே போய்விட்டார்.

நான் லாபுக்குப் போனேன். பக்கத்து மேசைக்காரி வடிப்பைச் சரியாக முடித்து, குடுவைக்குப் பெயர்ச் சீட்டும் ஒட்டி வைத்திருந்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். தப்பினேன் என்ற சந்தோஷமா, அண்ணையைக் கவிழ்த்துவிட்டேன் என்ற துக்கமா, எனக்கே தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது. அடுத்த நாள் மாமாவின் விமானம் போனது. நான் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். யாரும் வந்து கூப்பிடவில்லை என்றாலும் அந்த நாள் முழுக்க வெளியே போகப் பயமாக இருந்தது.

பட்டம் பெற்றேன், உதவியாளர் வேலையும் பார்த்தேன். சில வருடங்களில் டுசல்டோர்ஃபில் ஒரு சாயத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்துக்கு மாறினேன். அதற்கிடையில் எழுபதுகளின் தொடக்கத்தில் இலங்கையின் செனட் சபையையே கலைத்துவிட்டார்கள். மாமா அதற்கு ஆட்சேபம் தெரிவித்து நீண்ட பேச்சு ஒன்று பேசினாராம். அதுவும் நிறைவேறிவிட்டது. அவருடைய மகளைக் கொழும்பில் ஒரு டாக்டருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அண்ணை கட்டவில்லை. எனக்கு எழுதும்போதெல்லாம் மழை, பள்ளிக்கூடம், அம்மாவின் முழங்கால் வலி என்று எழுதுவார். அந்த ஒன்றைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் அண்ணை என்னோடு இருக்க வந்தார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, குசினியில் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது சட்டென்று கேட்டார்.

"தங்கச்சி, நீ அந்தச் சபையிலை எழும்பி நிண்டு சத்தமாச் சொன்னனீ எண்டு மாமா சொன்னவர். உண்மையே?"

"ஓம் அண்ணை."

"எல்லாரும் பாத்தவையே?"

"ஓம். எல்லாரும் பாத்தவை."

கத்தியை வைத்துவிட்டேன். இத்தனை வருடமும் வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்தேன். "உங்கடை காரியத்தை நான்தான்..."

"நீ இல்லை," என்றார். யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மச்சாளின்ரை கலியாணத்துக்கு முதல்நாள் நான் மாமா வீட்டை போனனான். பந்தல் போட உதவிக்கு. அவள் தண்ணி கொண்டு வந்து தந்தவள். தந்துபோட்டுக் கேட்டவள், உங்களுக்கு இதிலை சொல்ல ஒண்டும் இல்லையோ எண்டு. நான் தண்ணியைக் குடிச்சன்."

"பிறகு?"

"பேந்தென்ன. நான் ஒண்டும் சொல்லேல்லை. அவள் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டாள். பேந்து செம்பை வாங்கிக்கொண்டு உள்ளை போயிட்டாள்."